பந்திக்கு அள்ளிய மட்டி

...இன்னும் கொஞ்சம் கையை உள்ளே விட்டால் வந்துவிடும், வராமல் எங்கே போகும், எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகத் திரிந்திருக்கிறது, குழந்தைக்குப் பின்புறம் துடைக்கிற ஈரத்தாள், முகத்துச் சாயம் துடைக்கிற ஈரத்தாள், கழிப்பறையில் போடலாம் என்று உறையின் மேலேயே அச்சடித்து விற்கிறார்கள், போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டால் மறந்துபோகிறது, ஊர் மறந்ததெல்லாம் இந்தப் பம்பின் தொண்டையில் வந்து அடைகிறது... ரங்கிமாரி முழங்கைக்கு மேல் ஏறிய ரப்பர் உறையோடு, சங்கிலியால் தூக்கிக் கிணற்று விளிம்பில் சாய்த்திருந்த பம்பின் வாய்க்குள் கைவிட்டு இழுத்தாள். கொத்தாக வந்தது. வாளியில் போட்டாள். வேலை உடுப்புக்கு அடியில் கறுப்புப் பாவாடையின் ஓரம் நனைந்து கணுக்காலில் ஒட்டியது, துக்கத்துக்கு உடுத்தியது, மாற்றக்கூட நேரமில்லை, தலையில் சூடியிருந்த தழை வளையத்தை மட்டும் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள், இந்த நாற்றம் அதன்மேல் படக் கூடாது, படாமல் எது இருக்கிறது இந்த ஊரில்... குலத்தின் பொதுமன்றமான மராயில் பரத்தேனே மாமா திறந்த பெட்டியில் படுத்திருக்கிறார், இன்று மதியம் மண்ணுக்குப் போகிறார், அவர் கால்மாட்டில் பாயில் கிடந்தவளை விடியுமுன் போனில் எழுப்பினான் கிரேக், நகராட்சியில் அவளுக்கு மேலதிகாரி, 'நீ துக்கத்துக்குப் போ ரங்கி, துக்கம் முடியற வரைக்கும் பம்பு அலாரமெல்லாம் நான் பாத்துக்கறேன்' என்று தோளில் தட்டி அனுப்பியவன். பார்த்துக்கொண்ட லட்சணம் இது. 'உன் நிலைமை தெரியுது, ஆனா நான் மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன், ரோடெல்லாம் தண்ணி, நீ பக்கத்துலதான இருக்க, ஒரு எட்டு போய்ப் பாத்துரு.' ஒரு எட்டு... பிணத்தின் பக்கத்தில் இருப்பதும் அவனுக்கு 'பக்கத்துலதான்'.

பம்பை இறக்கி, மூடியைப் பூட்டி, விசையைத் தட்டியதும் இரண்டு முறை விக்கிவிட்டு ஓடத் தொடங்கியது, கிணற்றில் தண்ணீர் மட்டம் மெல்லக் கீழே இறங்கியது, வழிகுழாயின் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் எவ்வளவு பெரிய சத்தம் அது என்று உறைத்தது. ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது. ஊரில் பாதி வீட்டுக் கூரைத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகச் சாக்கடைக் குழாயில் கோத்து வைத்திருக்கிறார்கள், நல்ல மழை பெய்தால் குழாய் தாங்காது, தாங்காததைத் தள்ள ஒரு பம்பு, அது நின்றால் மாற்றாக இன்னொரு பம்பு, அந்த இன்னொன்று போன கோடையில் பழுதுக்குப் போனது, திரும்பவில்லை. பம்பு நின்றால் கழிவு மக்கள் வீட்டுக்குள் ஏறக் கூடாது, அதனால் வழிகுழாய் வைத்திருக்கிறார்கள், முகத்துவாரத்தைப் பார்த்து, மட்டிச் சிப்பி விளைகிற படுகையைப் பார்த்து. வீட்டுக்குள் ஏறக் கூடாதாம்... அந்தப் படுகையை யார் வீடு என்று நினைத்தார்கள் குழாய் போட்டவர்கள்? போனை எடுத்துக் கிரேக்குக்குச் சொன்னாள். 'அடடா,' என்றான், வாயில் எதையோ மென்றுகொண்டு, 'சரி, போர்டு மாட்டிரு. உங்க ஜனங்களோட ஆபீசுக்கு நான் தகவல் சொல்லிடறேன்.' 'அங்க யாரும் இருக்க மாட்டாங்க கிரேக். எல்லாரும் சாவு வீட்லதான்.' 'ஓ... அப்ப நீயே சொல்லிடேன். நீ அங்கதான போற. நீ சொன்னா அவங்க கேட்டுக்குவாங்க.' அவங்க. நகராட்சி மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவளை முன்வரிசையில் திட்டப் படங்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பார்கள், பேச வேண்டாம், நின்றால் போதும், சிரித்தால் இன்னும் நல்லது. 'நம்ம ரங்கி இருக்கறப்போ கவலை எதுக்கு?' என்பான் கிரேக். நம்ம ரங்கி, அவங்க... எந்த வாக்கியத்தில் எது வரும் என்று அவனுக்குத் தெரிகிறது, அவளுக்குத்தான் தெரிவதில்லை.

மாமா அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான் எழுந்து கைத்தடியைத் தரையில் ஊன்றினார், இந்தக் குழாய்க்கு அனுமதி கொடுக்க வந்திருந்த மூன்று கோட்டுக்காரர்களைப் பார்த்து, கத்தவில்லை, கதை சொல்கிற குரலில், 'மனுஷன் கழிச்சது மொதல்ல மண்ணைத் தொடணும்யா. மண்ணு அதைத் தின்னு முடிச்ச அப்புறம்தான் தண்ணிக்கு வேலை. நேரா தண்ணில விட்டா அது என் சோத்துத் தட்டுல விட்ட மாதிரி.' கோட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள், எழுதிக்கொண்டார்கள், வருஷக்கணக்கில் யோசித்தார்கள், கடைசியில் சுத்திகரித்த தண்ணீர் கடலில் சேருமுன் ஓட ஒரு கல்வாய்க்கால் கட்டிக்கொடுத்தார்கள், இரண்டு வண்டி நீளம், அழகான ஆற்றுக் கற்கள், மண்ணைத் தொட்டாயிற்றாம். திறப்பு நாளில் மாமா அதன் ஓரமாக நடந்துபார்த்தார், நாலடி வைப்பதற்குள் முடிந்துவிட்டது, திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, 'நம்ம மண்ணாத்தாளுக்கு இவங்க குடுத்த நேரம் ஒரு தும்மல் போடற நேரம்' என்றார், ஜனம் சிரித்தது, கிரேக்கும் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை, அந்த வாய்க்காலைப் பெருக்குவதும் அவள் வேலை. இறைச்சித் தொழிற்சாலையை மூடியபோது வேறு என்ன வேலை இருந்தது இங்கே? வேலைக்குச் சேர்ந்ததும் மராய்க் கூட்டத்தில் மாமாதான் சொன்னார், 'வெளியாள் பாக்கறதுக்கு நம்ம பொண்ணு பாக்கட்டுமே.' எவ்வளவு பெருமையாக இருந்தது அன்றைக்கு... அந்தச் சந்தோஷத்தில் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள், எண்ணெயில் பொரித்த ரொட்டி, சூடு ஆறாமல் துணியில் சுற்றி. மாமா வாசலில் அவள் முகத்தை இழுத்து மூக்கோடு மூக்கு வைத்து அவள் மூச்சை வாங்கிக்கொண்டார், ஜனத்து வணக்கம் அது, எப்போதும் போல, அதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. ரொட்டியை முகர்ந்து 'ஆகா' என்றார். மேசை ஓரத்தில் வைத்தார். விடைபெற்று வண்டியைத் திருப்பும்போது பின்பக்கம் பார்த்தாள், கோழிகள் அவள் ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தன. அவள் மூச்சை வாங்கிக்கொண்டவருக்கு அவள் கையால் சுட்டது ஆகவில்லை. கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவர் பதில் சொல்லியிருப்பார், அந்தப் பதில் நியாயமாகவும் இருந்திருக்கும், அந்தப் பயம்தான்.

எச்சரிக்கைப் பலகையைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கினாள். மண்டையோடு போட்ட மஞ்சள் பலகை, கீழே மட்டி அள்ளாதீர், குளிக்காதீர் என்று இரண்டு மொழியில், இரண்டாவது மொழி அவளுடையது, அதில் எழுத்துப்பிழை இருக்கிறது, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கடல் வற்றித் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. பலகையை நட்டு, கல்லால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது, ஈர மணலில் வண்டித்தடம், அகலமான டயர், இடது பக்கம் தேய்ந்தது, அத்தை மகன் ரவிரியின் வண்டி. தடம் போய் நின்ற இடத்திலிருந்து படுகை வரை மணல் முழுக்கக் கிளறி, குழிகுழியாக, மூட்டையை இழுத்த கோடு, காலடிகள், நிறையக் காலடிகள். பந்திக்கு. வேறு எதற்கு? ஆற்றுக்கு மேல் இருக்கிற குலத்தார் எல்லாரும் வருகிறார்கள் மாமாவை வழியனுப்ப, அவர்கள் கொண்டுவருவது விலாங்கு மீன், நாம் வைப்பது மட்டி, பாட்டன் காலத்திலிருந்து அப்படி, மட்டி இல்லாத பந்தியை நம் ஊர்ப் பந்தி என்று யார் சொல்வார்கள்... விடிகிற நேரத்தில் கடல் வற்றியதைப் பார்த்து இறங்கி அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அவள் குனிந்து ஈரத்தாள் பிடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், முதுகுக்குப் பின்னால், நாணல் மறைவில். கூப்பிடு தூரம். ரவிரிக்குப் போன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி. மராயில் போனை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அணைக்காதவள் அவள் ஒருத்திதான்.

நேரே போயிருக்க வேண்டும். நேரே போனால் இந்தக் கோலத்தில், இந்த நாற்றத்தோடு மராய்க்குள் எப்படி நுழைவது? அவள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வண்டியைத் திருப்பினாள், குளித்துவிட்டுப் போகலாம், அதுதான் முறை, வேலை முறையும் அதுதான், ஜன முறையும் அதுதான், இரண்டும் ஒத்துப்போகிற ஒரே இடம் அந்தக் குளியலறை. வெந்நீரின் கீழ் நின்று சோப்புப் போட்டாள், மறுபடி போட்டாள், நகக்கண்ணை பிரஷ்ஷால் தேய்த்தாள். சன்னலுக்கு வெளியே காற்றூட்டும் குளம் பழுப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. முதலில் வலை, வலையில் சிக்காத மணல் அடுத்த தொட்டியில், அதற்கப்புறம் இந்தக் குளம், இதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான வாய்கள், காற்றைக் கொடுத்தால் போதும், ஊர் கழித்ததையெல்லாம் தின்று தின்று பெருகி, தின்றதும் கனத்து அடியில் படிந்து, தெளிந்தது மேலே வழிந்து கிருமி கொல்லும் விளக்கடியில் போய், அடியில் நின்ற கசட்டை எந்திரம் பிழிந்து தள்ள, கறுப்பாக, புட்டு மாதிரி உதிர்ந்து விழும், மழைக்குப் பிறகு காட்டு மண் என்ன வாசம் அடிக்குமோ அந்த வாசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கையில் எடுத்து முகர்ந்துபார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறாள், இவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு அருவருப்பு? மாமாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டும், மண்ணு தின்னுமுன்னு சொன்னீங்களே, இதோ தின்னு முடிச்சிருக்கு பாருங்க என்று. கூட்டிவரவில்லை. அவரும் கேட்கவில்லை. கசடு லாரியில் ஏறி வேறு மாவட்டத்துக் குப்பைக் குழிக்குப் போகிறது, அந்த ஊர்க்காரன் என்ன நினைக்கிறான் என்று யாரும் கேட்டதில்லை... தலையைத் துவட்டினாள். இன்னொரு முறை கையை முகர்ந்தாள். சோப்பு வாசம்தான். சோப்புக்கு அடியில் இன்னொன்று இருப்பதுபோலவே இருந்தது, அது எப்போதும் இருப்பது, இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாதது.

மராயின் சமையற்கட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். இறங்கவில்லை. முன்பக்கம் வாசலில் விருந்தாளிகள் வந்திறங்கிவிட்டார்கள் போல, முறைப்படி குரல் கொடுத்து வரவேற்கிற பெண்ணின் ஓலம் நீண்டு உயர்ந்து உடைந்தது, அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு ஓலம் பதிலுக்கு எழுந்தது. இந்தப் பக்கம் குழியடுப்பில் கல் காய்ந்து புகைந்தது, பன்றிக்கறி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வண்டி வண்டியாகக் கீரை. பின்வாசலில் வைகுரா அத்தை, அப்பாவின் அக்கா, இடுப்பில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டு, யாரையோ அதட்டிக்கொண்டு, யாரிடமோ சிரித்துக்கொண்டு. சமையற்கட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம், சாவு விழுந்த வீட்டில்கூட அத்தை ஒரு கரண்டியால் தட்டினால் நூறு பேர் உட்காருவார்கள். பத்து வயதிலிருந்து அத்தைக்குப் பக்கத்தில் நின்று கிழங்கு சுரண்டியவள்தான் ரங்கிமாரி. இந்த வேலைக்குப் போன பிறகு நடந்த முதல் சாவில் அவள் துடைக்கிற துணியை எடுத்தபோது அத்தை அதை மெல்ல வாங்கிக்கொண்டாள், முகத்தில் சிரிப்பு மாறாமல், 'நீ கக்கூஸ் பக்கம் பாத்துக்க கண்ணு. உன்ன மாதிரி யாருக்கு அது வரும்?' அதிலிருந்து ஒவ்வொரு சாவுக்கும் கல்யாணத்துக்கும் கக்கூஸ். யாரும் தீட்டு என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, அவ்வளவு பதவிசாக... இப்போது போய் என்ன சொல்வது? அந்த வாசற்படியில் நின்று, அந்த வாயால், மட்டியைக் கொட்டுங்கள் என்று? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூட்டைகள் நனைந்து கறுத்து நின்றன. அத்தை ஒரு மூட்டைமேல் குனிந்தாள், நிமிர்ந்தாள், கையை வாயருகே கொண்டுபோனாள், கொட்டாவியா, இருமலா, மறுபடி குனிந்தாள். ரங்கிமாரி தழை வளையத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாடியிருந்தது. ஒவ்வொரு இலையாக நீவினாள். போகலாம், இதோ போகலாம், அந்த ஓலம் முடியட்டும், முடிந்ததும் போகலாம்... அது முடிந்து அழுகைச் சத்தம் தொடங்கி, அதுவும் அடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தாள்.

வாசற்படிக்கு வெளியே நின்றுதான் கூப்பிட்டாள். 'அத்தை. மட்டியை யாருக்கும் குடுக்காதீங்க. ராத்திரி பம்பு நின்னு போச்சு. கழிவெல்லாம் அப்படியே படுகைல கொட்டியிருக்கு.' கிழங்கு சுரண்டுகிறவர்களின் கத்தி நின்றது. ரவிரிதான் முதலில் வாயைத் திறந்தான், இன்னும் ஈரம் காயாத கால்சட்டையோடு அடுப்பருகே நின்றவன், 'ரங்கி, வெளையாடாத. விடியக்காலைல அந்தக் குளிர்ல முழங்காலளவு தண்ணில நின்னு அள்ளிருக்கோம்.' 'உனக்கு வாடை வரலியா?' 'கலங்கலா இருந்துச்சு. மழைத்தண்ணின்னு நெனச்சேன். நீங்க போர்டு வெக்கலியே!' 'வெச்சுட்டேன்.' 'எப்ப?' 'நீ போனதுக்கு அப்புறம்.' யாரோ சிரித்தார்கள், சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். அத்தை துணியை இடுப்பிலிருந்து உருவி மெதுவாகக் கை துடைத்தாள். 'வேக வெச்சா செத்துராதா?' 'வெந்தாலும் சாகாத கிருமி இருக்கு அத்தை. வந்தவங்கள்ல பாதிப் பேரு வயசானவங்க.' அத்தை அவளைப் பார்த்தாள், அவளைத் தாண்டி வண்டியைப் பார்த்தாள், கதவில் இருந்த நகராட்சி முத்திரையை. 'அந்த மனுஷன் உசுரோட இருந்தப்போ பேசிப் பேசித் தொண்டை வத்துனாரு. அவரு பொணமாக் கெடக்கற அன்னிக்கே ஊத்தி விட்டுட்டீங்களேடி.' விட்டுட்டீங்களே... அவளுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது, அலாரம் அவளுடையது அல்ல, கையெழுத்துப் போடாத பட்ஜெட் அவளுடையது அல்ல, கூரைத் தண்ணீரைச் சாக்கடையில் கோத்திருக்கிற வீடுகளில் அத்தை வீடும் ஒன்று. 'மேலாத்து ஜனத்துக்கு என்னத்த வெப்பேன்?' என்றாள் அத்தை, இது யாரிடமும் கேட்ட கேள்வி இல்லை. அப்புறம் குரலை மாற்றி, 'ரவிரி, நீ தொடாத. நீங்க யாரும் அதைத் தொடாதீங்க. சோறு எடுத்து வெக்கற கை. ரங்கி, நீ வா உள்ள. நீ தூக்கு.'

உள்ளே வா என்று அத்தை சொல்லி எவ்வளவு நாளாயிற்று... அவள் படியேறினாள். தொட்டிக்குப் போகிற வழி சமையற்கட்டின் நடுவாகத்தான், இரண்டு பக்கமும் பெண்கள் பாத்திரங்களை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள், ஒருத்தி மாவுச் சட்டியைத் துணியால் மூடினாள். அடுப்பின் சூடு, ஈஸ்ட் வாசம், சுவரில் அதே ஆணி, அதே கரண்டி, அவள் உயரத்துக்கு ஒரு காலத்தில் எட்டாத அலமாரி. மூட்டையைத் தூக்கினாள், கனத்தது, உள்ளே மட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கரகரத்தன, உயிரோடுதான் இருக்கின்றன, வாயை இறுக மூடிக்கொண்டு. நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்ப அதே நடுவழியாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, குளித்துத் தேய்த்த உடம்பு முழுக்க ஊறியது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு தரம் உள்ளே, ஒரு தரம் வெளியே. அவள் கால் வைத்த இடத்தை ஒருத்தி பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள், பாவம், அவளுக்குச் சொல்லப்பட்ட வேலை. யாரும் கைகொடுக்கவில்லை. ரவிரி ஒரு தடவை முன்னால் வந்தான், அம்மாவைப் பார்த்தான், நின்றுவிட்டான். வண்டியின் பின்பலகையை மூடிக் கொக்கி போடும்போது முன்பக்கம் பாட்டுத் தொடங்கியது, பெட்டியை மூடப் போகிறார்கள், மாமாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற நேரம், இந்த மூட்டைகளை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது, கொட்டிவிட்டு, குளித்துவிட்டு வருவதற்குள் அவர் மண்ணுக்குள் இருப்பார். நல்லதுதான், அவர் கேட்டது அதுதானே, முதலில் மண்ணைத் தொட வேண்டும்... ச்சீ, என்ன நினைப்பு இது, யாருடைய நினைப்பு இது?

அத்தை பின்னாலேயே வந்து நின்றிருந்தாள், கொஞ்சம் தள்ளி. சமையற்கட்டுக் குரல் போய்விட்டிருந்தது. சர்க்கரைக்காக இனிப்பை விட்டு, உப்பை விட்டு, மருத்துவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, பச்சை மட்டியை மட்டும் விடாதவள், ஓட்டை ஓட்டால் நெம்பி உறிஞ்சுகிற கலையை ரங்கிமாரிக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். 'ரங்கி,' என்றாள், 'நான் அஞ்சாறு தின்னுட்டேன். பச்சையா. ருசி பாக்கலாம்னு... மொதல்ல ரெண்டு, அப்புறம் நாலு. இப்பதான், வந்தவங்களுக்குக் கொரல் குடுத்தாங்கல்ல, அப்ப. ஒண்ணும் ஆவாதுல்ல?' தெரிந்தவளிடம் கேட்கிற மாதிரி கேட்டாள், கண்ணைப் பார்த்து, முதன்முறையாக. 'நான் இப்பதான் வந்தேன் அத்தை,' என்றாள் ரங்கிமாரி. அத்தைக்குப் புரியவில்லை. 'அதில்ல கண்ணு, ஒண்ணும் ஆவாதுல்லன்னு கேட்டேன்.' 'காய்ச்சலோ வயித்துப்போக்கோ வந்தா வெச்சுக்கிட்டு இருக்காதீங்க, ராத்திரியானாலும் எனக்குப் போன் பண்ணுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வந்தா உடனே.' 'ம்,' என்றாள் அத்தை, ஏதோ யோசித்துக்கொண்டு, துணியால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வண்டி சரளைப் பாதையில் குலுங்கும்போதெல்லாம் பின்னால் அவை கரகரத்தன. எங்கே கொட்டுவது? கசடு லாரியில் ஏற்றினால் வேறு மாவட்டத்துக் குழிக்குப் போய்விடும், படுகையிலேயே திரும்ப விட்டால் பிழைத்துக்கொள்ளும், அழுக்கைக் குடித்துக் குடித்துச் சில வாரத்தில் தானாகவே தெளிந்துவிடும், அதைச் செய்யலாம், கிரேக்கைக் கேட்க வேண்டியதில்லை... இப்பதான் வந்தேன். ஏன் அதைச் சொன்னாள்? எப்போது வந்தாய் என்று யாரும் கேட்கவில்லையே. முன்னால் ஓலம் எழும்போது அவள் இங்கேதான் இருந்தாள், இந்த இருக்கையில், மடியில் தழையை வைத்துக்கொண்டு, அத்தை குனிந்ததையும் நிமிர்ந்ததையும் கை வாயருகே போனதையும் பார்த்துக்கொண்டு. கொட்டாவி என்றுதான் நினைத்தாள். இருமல் என்றும் நினைத்தாள். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது, அதனால் சரியாகத் தெரியவில்லை... மழையா? மழை எப்போது விட்டது, பலகை நடும்போது பெய்துகொண்டிருந்ததா, அதற்கு முன்னாலேயே விட்டிருந்ததா, அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்து ஞாபகப்படுத்திப் பார்த்தாள், கண்ணாடி உலர்ந்து, வெயிலடித்து, எதிரே எல்லாம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது.